முதல் பாகம் முதலில்: பிள்ளைகளுக்கு அனிமேஷன் படங்களையும் அவற்றின் தொடர்ச்சிகளையும் தெரிந்து காட்டும் முறை

நான்கு வருடமாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் அயல் பிள்ளைகளுக்குப் படம் போட்டு வருகிறேன். கிளிநொச்சிக்குக் கிழக்கே வயல் சூழ்ந்த ஊர். ஆறு வயதில் இருந்து பதினான்கு வயது வரை பதினைந்து பேரளவில் பாயில் இருப்பார்கள். பின்னால் கதிரைகளில் அம்மாமாரும் அம்மம்மாமாரும்.

இதைப் பார்த்து வேறு ஊர்களிலும் சிலர் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பிழைத்த இடம் பெரும்பாலும் ஒன்றுதான். புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் நன்றாக வேலை செய்யும். எந்தப் படத்தை எதன் பின்னால், எவ்வளவு நாள் விட்டுப் போடுவது என்பதில்தான் சறுக்கியது. நானும் அங்கேதான் சறுக்கினேன். ஆகவே இந்த வழிகாட்டியில் அதற்கே கூடுதல் இடம்.

முன்கூட்டியே வேண்டியவை

லப்டொப், ஒரு சின்னப் புரொஜெக்டர், தனி ஸ்பீக்கர். புரொஜெக்டர் இல்லாவிட்டால் 32 அங்குல ரீவி போதும், பிள்ளைகளைக் கிட்ட இருத்தினால் சரி. லப்டொப்பின் சொந்தச் சத்தத்தை நம்ப வேண்டாம். பத்துப் பேர் மூச்சு விட்டாலே அது அமுங்கிவிடும்.

திரைக்குச் சுருக்கம் இல்லாத வெள்ளை பெட்சீற். மேலும் கீழும் தடி செருகி இழுத்துக் கட்டுங்கள். மேலே மட்டும் கட்டினால் காற்றுக்கு முகங்கள் எல்லாம் நெளியும், சின்னப் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுப் பெட்சீற்றைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இவற்றோடு ஒரு கொப்பி. ஏன் என்பது இரண்டாம் படியில் வரும்.

படத்தை முறையாக வாங்கிய டிஸ்க்கிலோ சந்தா கட்டிய தளத்திலோ எடுங்கள். சந்தா வீட்டுப் பாவனைக்குத்தான். பொது மண்டபத்தில் போடுவதென்றால் உரிமையாளரிடம் அனுமதி எடுக்க வேண்டும். நான் விறாந்தையோடு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

1. இரண்டு பாகங்களையும் முதலில் நீங்கள் தனியே பாருங்கள்

முதல் பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு, நல்ல படம், இரண்டாவதும் நல்லதாகத்தான் இருக்கும் என்று தொடங்குகிறவர்கள் பலர். இரண்டு பாகங்களுக்கும் இடையில் பல வருடம் போயிருக்கும், ஆட்களும் மாறியிருப்பார்கள். ‘ஃபைண்டிங் நீமோ’ 2003, ‘ஃபைண்டிங் டோரி’ 2016. ‘இன்கிரெடிபிள்ஸ்’ 2004, அதன் இரண்டாம் பாகம் 2018. ஒன்றை வைத்து மற்றதை எடைபோட முடியாது.

பார்க்கும்போது மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: யாராவது சாகும் அல்லது பிரியும் இடம், பேச்சே இல்லாமல் ஓடும் இடம், வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும் இடம்.

கடைசியாகச் சொன்னதை அசட்டை செய்ய வேண்டாம். ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ வெளிவந்தபோது, அதில் வரும் பளிச்சிடும் வெளிச்சம் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம் என்று திரையரங்குகளில் எச்சரிக்கை ஒட்டினார்கள். வலிப்புள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இதை முதலே சொல்லி, அந்தப் படத்துக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிடாமல் வேறொரு நாளுக்கு வேறொரு படம் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எங்கள் ஊர்களில் லேசான காரியம் இல்லை.

2. இரண்டாம் பாகம் புதிதாக என்ன கேட்கிறது என்று ஒரு வரியில் எழுதுங்கள்

கொப்பி இதற்குத்தான். முதல் பாகத்தின் கேள்வியை ஒரு வரியிலும் இரண்டாம் பாகத்தின் கேள்வியை அடுத்த வரியிலும் எழுதுங்கள். இரண்டும் ஒரே கேள்வி என்றால் அந்த இரண்டாம் பாகம் வேண்டாம்.

‘டோய் ஸ்டோரி’யை எடுத்துப் பார்ப்போம். 1995இல் வந்தது, முழுக்க முழுக்கக் கணினியில் செய்த முதல் முழுநீளப் படம். புதுப் பொம்மை வந்தால் பழைய பொம்மைக்கு என்ன இடம் என்பதுதான் அதன் கேள்வி. தம்பி தங்கச்சி பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அது விளங்கும். 1999இல் வந்த இரண்டாம் பாகம் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் உடையாமல் என்றைக்கும் இருப்பதா, அல்லது ஒருநாள் உன்னை மறந்துவிடப்போகும் பிள்ளையிடம் திரும்பிப் போவதா என்று கேட்கிறது. ஆட்கள் அதே ஆட்கள், கேள்விக்கு வயது ஏறிவிட்டது.

இன்னொன்றையும் பாருங்கள்: முதல் பாகத்தில் படித்த பாடம் இரண்டாவதில் நினைவில் இருக்கிறதா? முதல் படத்தின் முடிவில் திருந்திய ஆள், இரண்டாவது தொடங்கும்போது அதே பிழையோடு நின்றால், எழுதியவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை என்று அர்த்தம். பிள்ளைகள் இதை எங்களைவிட வேகமாகப் பிடிப்பார்கள்.

நடுவில் நிற்பது யார் என்பதும் முக்கியம். முதல் படத்தில் சிரிப்புக் காட்டிய பக்கத்து ஆளை இரண்டாவதில் நாயகனாக்குவது பலருக்குப் பிழைத்த வேலை. ‘கார்ஸ் 2’ (2011) அப்படி மேட்டர் என்ற இழுவை வண்டியை நடுவில் வைத்து உளவுக் கதை சொல்லப்போய், முதல் படத்தின் ஆறுதலான நடையை இழந்துவிட்டது. ஊறுகாயை யாரும் சோறாகப் போடுவதில்லை. ஆனால் நீமோ படத்தில் வந்த டோரி மீனும் அப்படி ஒரு பக்கத்து ஆள்தான், அவளுடைய படம் நிற்கிறது. அவளுடைய மறதி முதல் படத்தில் சிரிப்பாக இருந்தது. இரண்டாவது படம் அதே மறதியை எடுத்து, தாய் தகப்பனையே மறந்துபோன பிள்ளையின் பயமாக்கியது. புதுக் கேள்வி பிறந்துவிட்டது.

திரையரங்குக்குப் போகாமல் நேரே வீடியோவுக்கென்று எடுத்த தொடர்ச்சிகளில் பெரும்பாலானவை மெலிந்தவை. டிஸ்னி 1994இல் ‘த ரிட்டர்ன் ஒஃப் ஜாஃபர்’ படத்தோடு அந்த வழியில் இறங்கி நிறையச் செய்தது. ஆனாலும் அந்த ஒரு முத்திரையை வைத்துத் தள்ளிவிடக் கூடாது. ‘டோய் ஸ்டோரி 2’ம் முதலில் நேரே வீடியோவுக்கென்றே தொடங்கியது. பிறகுதான் கதையை அடியோடு பிரித்துக் கட்டித் திரையரங்குக்குக் கொண்டுவந்தார்கள்.

3. பார்க்க வருபவர்களின் வீடுகளை நினைத்துப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ‘சின்னப் பிள்ளையளின்ர காட்டூன் தானே’ என்று நினைத்துவிடுகிறோம்.

குடும்ப அனிமேஷன் படங்களில் பல, பெற்றோரின் சாவில் தொடங்குகின்றன. நீமோ படத்தில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் தாய் மீனும் ஒன்றைத் தவிர எல்லா முட்டைகளும் போய்விடும். ‘ஃபுரோசன்’ படத்தில் தாய் தகப்பன் கடலில் அழிகிறார்கள். ‘குங்ஃபூ பாண்டா 2’ (2011) படத்தில் ஒரு தாய், துரத்தி வருபவர்களிடம் இருந்து குழந்தையைக் காப்பாற்ற முள்ளங்கிப் பெட்டிக்குள் மறைத்து வைத்துவிட்டு, அவர்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். இது எங்கள் ஊரில் எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். பாயில் இருக்கும் பிள்ளைகள், போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது கதை. பின்கதிரையில் இருப்பவர்களுக்கு அப்படியில்லை.

‘ஃபைண்டிங் டோரி’ போட்ட நாளில் நான் விட்ட பிழையைச் சொல்கிறேன். அதில் டோரியின் தாயும் தகப்பனும், மகள் என்றைக்காவது வழி கண்டுபிடித்து வருவாள் என்று, வருடக்கணக்காகத் தங்கள் வீட்டைச் சுற்றிச் சிப்பிகளை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்னால் இருந்த ஒரு அம்மா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டா. அவவின் மகன் வர வேண்டியவன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் வீதியோரம் போராட்டம் இருக்கத் தொடங்கிய நாளில் இருந்து அவவும் போய் வருகிறா. எனக்கு அது தெரியும். தெரிந்திருந்தும் அந்தச் சிப்பிகளை முதலே நினைக்கவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். படத்துக்கு முதல் நாள் பெரியவர்களிடம் போய், இன்ன இடத்தில் இன்னது வரும் என்று கதையின் முடிவு உட்படச் சொல்லிவிடுகிறேன். வருவதா விடுவதா என்று அவர்களே தீர்மானிப்பார்கள். அந்த அம்மாவிடமும் பிறகு போனேன். ‘அடுத்த முறையும் சொல்லு பிள்ளை, நான் வருவன்’ என்றா. வருகிறா. ஆகவே துக்கம் உள்ள படங்களை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அறியாமல் ஒருவரை அதற்குள் இருத்தாதீர்கள்.

இதே படியில் நல்லதையும் தேடலாம். ‘ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்’ (2010) முடிவில் அதன் நாயகன் ஹிக்கப் கண் விழிக்கும்போது அவனுக்கு ஒரு கால் இல்லை, செயற்கைக்கால் பூட்டியிருக்கும். அதற்கு முன் அவன்தான் டிராகனின் முறிந்த வால் துடுப்புக்குச் செயற்கைத் துடுப்புச் செய்து கொடுத்தவன். எங்கள் விறாந்தையில் அந்த இடத்தில் ஒரு பையன் எழுந்து நின்று, ‘எங்கட மாமாவுக்கும் உப்பிடித்தான்’ என்றான். மிதிவெடியில் கால் போனவர்கள் இங்கே எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் போல ஒருவன் கதாநாயகனாக வரும் படத்தை அந்தப் பிள்ளை அதற்கு முன் கண்டதில்லை.

4. மொழியை இரண்டு பாகங்களிலும் சரிபாருங்கள்

சில படங்களுக்குத் தமிழ்க் குரல் இருக்கிறது. ‘ஃபுரோசன் 2’ (2019) தமிழில், பனியை ஆளும் நாயகி எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன் குரல் கொடுத்தார். அதே ஆண்டின் ‘த லயன் கிங்’ தமிழில் சிம்பாவுக்குச் சித்தார்த், ஸ்காருக்கு அரவிந்த் சுவாமி. தமிழகப் பேச்சுத்தான், ஆனால் படங்கள் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது தடையில்லை.

இரண்டாம் பாகத்துக்குத் தமிழ் இருக்கும், நீங்கள் எடுத்த முதல் பாகத்தில் இருக்காது. அல்லது மாறி நடக்கும். ஒரே ஆள் இரண்டு படத்தில் இரண்டு மொழி பேசினால் ஏழு வயதுப் பிள்ளை அதை வேறு ஆள் என்றே நினைக்கும். ஆகவே இரண்டையும் ஒரே மொழியில் போடுங்கள்.

தமிழ்க் குரல் இல்லையென்றால் ஒருவர் கதை சொல்லியாக இருக்கலாம். வசனத்துக்கு வசனம் மொழிபெயர்க்கக் கூடாது. ஒரு காட்சி முடிந்ததும் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேச்சில்லாத இடத்தில் ஒரு சொல்லும் வேண்டாம். ‘அப்’ (2009) படத்தில் ஒரு தம்பதியின் முழு வாழ்க்கையும் பேச்சே இல்லாமல் சில நிமிடத்தில் ஓடும். அந்த இடத்தில் விளக்கம் சொன்ன ஒருவரைப் பார்த்தேன். படத்தைக் கொன்றுவிட்டார்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ‘ஷோன் த ஷீப்’ படம் (2015). முழுப் படத்திலும் விளங்கும் பேச்சு ஒன்றும் இல்லை, முனகலும் கனைப்பும்தான். சுமார் 85 நிமிடம். ஆடு வளர்க்கும் ஊரில் அதற்கு உரை தேவையில்லை. 2019இல் வந்த அதன் தொடர்ச்சியும் பேச்சில்லாதது, ஆகவே முதல் சோடியாக இவை இரண்டும் நல்லவை.

5. வெளிவந்த ஒழுங்கிலேயே போடுங்கள்

கதைக்காலத்தின்படி ‘மொன்ஸ்டர்ஸ் யூனிவர்சிட்டி’ (2013) முதலில் வர வேண்டியது, ‘மொன்ஸ்டர்ஸ் இன்க்’ (2001) பிறகு. அப்படிப் போட வேண்டாம். இளமைக் கதையில் நாயகர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வெறுப்பதைப் பார்க்கும்போது, இவர்கள் பிறகு எப்படிச் சிநேகிதரானார்கள் என்று எங்களுக்குத் தோன்ற வேண்டும். அவர்களின் சிநேகத்தை முதலே கண்டிருந்தால்தான் அது தோன்றும்.

பென்டிரைவில் இரண்டாம் பாகம்தான் கிடந்தது என்பதற்காக அதைப் போட்ட ஒருவர், படம் தொடங்கிப் பத்து நிமிடம் ‘இவர் ஆர், அவர் ஆர்’ என்ற கேள்விகளுக்கே பதில் சொன்னார். ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ முதல் படம் முடிந்த அதே கணத்தில் தொடங்குகிறது. பதினான்கு வருடம் கழித்து வந்த படம், கதையில் ஒரு நிமிடம்கூட நகரவில்லை. முதல் பாகம் பார்க்காத பிள்ளைக்கு அது நடுவில் கிழிந்த கொப்பி.

6. படம் போடும் மாலை

ஆறரைக்குத் தொடங்குங்கள். அதற்கு முன் வெளிச்சம் திரையில் அடிக்கும். எட்டரைக்குள் பிள்ளைகள் வீட்டில் நிற்க வேண்டும். யானை இறங்கும் பக்கத்தில் இருப்பவர்கள் இரவுப் படத்தை விட்டுவிட்டு, பகலில் அறையின் சன்னல்களைச் சாக்கால் மறைத்து ரீவியில் போடுவதே நல்லது.

தகரக் கூரை என்றால் மாரியில் வைக்காதீர்கள். கார்த்திகை, மார்கழி மழை தகரத்தில் விழத் தொடங்கினால் ஸ்பீக்கர் எவ்வளவு பெரிதென்றாலும் வசனம் கேட்காது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதமும் வேண்டாம், தாய்மார் மனம் இருக்காது.

நுளம்புத்திரியைத் திரைக்கும் புரொஜெக்டருக்கும் நடுவில் வைத்தால் புகை வெளிச்சத்தை மறிக்கும். பாய்களுக்குப் பின்னால் வையுங்கள்.

கடலையைப் படத்துக்கு முன்பே கொடுத்து முடியுங்கள். நடுவில் கொடுத்தால் தாள்ச் சுருள் சரசரக்கும்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நிறுத்தாதீர்கள். ‘ஃபைண்டிங் டோரி’யில் பெயர்கள் ஓடி முடிந்த பிறகு, முதல் படத்தில் பிளாஸ்ரிக் பைகளோடு கடலில் விழுந்த தொட்டி மீன்கள் வருகின்றன, இன்னமும் அதே பைகளுக்குள். பதின்மூன்று வருடம் கழித்து வந்த அந்தப் பதிலுக்கு எங்கள் விறாந்தையில் எழுந்த சத்தம் முழுப் படத்துக்கும் எழவில்லை.

7. இரண்டு கிழமை விடுங்கள்

முதல் பாகமும் இரண்டாம் பாகமும் ஒரே நாளில் போடுவது பெரிய பிழை. பிள்ளைகள் கேட்பார்கள், கெஞ்சுவார்கள். கொடுக்காதீர்கள். முதல் கதை அவர்களுடைய கதையாவதற்கு நாள் வேண்டும். வயல் வரம்பில் விளையாடும்போது யார் ஹிக்கப், யார் டிராகன் என்று சண்டை பிடித்தார்களென்றால் கதை உள்ளே இறங்கிவிட்டது.

படம் முடிந்த கையோடு ‘இதில இருந்து என்ன படிச்சனீங்கள்?’ என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூட விடைதான் வரும்: ஒற்றுமையே பலம். ஒரு கிழமை கழித்து, கதையை வராத ஒரு பிள்ளைக்குச் சொல்லச் சொல்லுங்கள். எதைச் சொல்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்கு எது முக்கியமாக இருந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்து, இரண்டாம் பாகத்தை அவர்களையே செய்யச் சொல்லுங்கள். ‘இனி என்ன நடக்கும்?’ என்று கேட்டு, சொல்வதைக் கொப்பியில் எழுதுங்கள். சின்னவர்கள் கீறலாம். இந்த ஒரு வேலை பிள்ளைகளைப் பார்வையாளரில் இருந்து விமர்சகராக்கிவிடும். அவர்கள் கையில் இப்போது ஒரு இரண்டாம் பாகம் இருக்கிறது. வரப்போகும் படம் அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

8. இரண்டாம் பாகத்தைப் போட்டு, வாதாட விடுங்கள்

தொடங்குமுன் முதல் பாகத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைத் திரும்பப் போடுங்கள். அது போதும். கதைச் சுருக்கம் சொல்லத் தேவையில்லை.

‘ஃபுரோசன் 2’ முடிந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். அதில் எல்சாவின் பாட்டன் அயல் மக்களை ஏமாற்றிக் கட்டிய அணையை உடைக்க வேண்டியிருக்கிறது. உடைந்த தண்ணீர் ஊரை அழிக்க வரும்போது எல்சா வந்து தடுத்துவிடுகிறாள். பத்து வயதுப் பிள்ளை ஒன்று கேட்டது: ‘அன்ரி, குளக்கட்டை உடைச்சா கீழ் வயலுக்கு என்ன நடக்கும்? அவை ஏன் முதலே சனத்தைக் கேக்கேல்லை?’ இரணைமடுக் குளத்தின் தண்ணீரில் விளையும் வயல்காரரின் பிள்ளை. 2018 டிசம்பர் வெள்ளம் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தது. அவர்கள் எல்லோரும் சேர்ந்து, எல்சா அவ்வளவு லேசாகத் தண்ணீரை மறித்தது சரியில்லை, ஊர் கொஞ்சமாவது நனைந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

டிராகனின் இரண்டாம் பாகத்தை (2014) நான் முதல் வரிசையில் வைக்கிறேன். கதையில் ஐந்து வருடம் போய்விட்டது. ஹிக்கப்பின் காலைப் பற்றி யாரும் அழவில்லை, யாரும் புகழவும் இல்லை. நடைக்கு ஒரு விதம், சவாரிக்கு ஒரு விதம் என்று தானே திருப்பிப் பூட்டிக்கொள்கிறான், தன் வேலையைப் பார்க்கிறான். முதல் பாகத்தால் இழப்பைக் காட்டத்தான் முடிந்தது. அந்த இழப்போடு ஒருவன் வாழ்ந்து பழகியதைக் காட்ட இரண்டாம் பாகம் வேண்டியிருந்தது. நல்ல தொடர்ச்சி எதற்கு என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்தக் காலைத்தான் காட்டுகிறேன். அன்றைக்கு அந்தப் பையன் மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மாமா படம் முழுக்கப் பேசவில்லை. போகும்போது, ‘அந்தப் பூட்டு நல்ல வேலை’ என்றார்.

ஆனால் மூன்றாம் படியை மறக்க வேண்டாம். இதே படத்தில் செத்துவிட்டதாக நினைத்த தாய் இருபது வருடம் கழித்து உயிரோடு கிடைக்கிறாள், தகப்பன் இறக்கிறார். பெரியவர்களிடம் முதல் நாள் போய்ச் சொல்ல வேண்டிய படம் இது.

9. மூன்றாம் பாகத்துக்குப் போவதா?

அதே கொப்பி, அதே ஒரு வரி. ‘டோய் ஸ்டோரி 3’ (2010) அந்தச் சோதனையில் நிற்கிறது: பிள்ளை வளர்ந்து வீட்டை விட்டுப் போகும்போது பொம்மைகளுக்கு என்ன? குப்பை எரிக்கும் சூளையில் அவை கைகோத்து நிற்கும் காட்சி ஆறு வயதுக்குக் கடுமையானது, எட்டுக்கு மேல் வையுங்கள். நான்காவது (2019) இருக்கிறது, கெட்ட படம் இல்லை. ஆனால் மூன்றாவதன் முடிவில், பொம்மைகளின் சொந்தக்காரப் பையன் ஆன்டி அவற்றை ஒரு சின்னப் பிள்ளையிடம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கையளித்ததுடன் கதை முழுமையாகிவிட்டது. நான் அங்கே நிறுத்துகிறேன்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘இன்சைட் அவுட்’ (2015), ‘இன்சைட் அவுட் 2’ (2024) சோடியைத் தனியே வையுங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் மட்டும், சின்னவர்கள் இல்லாமல். இரண்டாவதில் நாயகி ரைலிக்குப் பதின்மூன்று வயது, அவளுடைய தலைக்குள் பதகளிப்பு என்ற உணர்ச்சி ஒரு ஆளாக வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்கிறது. சோதனைக்கு முதல் நாள் வயிறு பிசைவதை எங்கள் பெட்டைகள் அதுவரை காய்ச்சல் என்றுதான் சொல்லி வந்தார்கள். படம் முடிந்து மூன்று பேர் போகாமல் இருந்தார்கள். விறாந்தை லைற்றைப் போடாமல் அவர்களோடு கொஞ்ச நேரம் இருங்கள்.